இது யார் ஜாடை?

குழந்தை பிறந்த வீட்டில் நடக்கும் முதல் பாகப் பிரிவினையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறந்து ஆறு மணி நேரம்கூட ஆகியிருக்காது. இன்னும் சரியாகக் கண் திறக்கவில்லை. அதற்குள் அத்தைகளும் சித்திகளும் சுற்றி நின்று சொத்தைப் பிரித்துவிடுவார்கள். மூக்கு அப்பா வழி. காது பெரியப்பா. நெற்றி, செத்துப்போன தாத்தாவை உரித்து வைத்திருக்கிறது. அழுகை மட்டும் அம்மா வழி. குழந்தை என்னவோ எல்லாக் குழந்தைகளையும் போல அவித்த உருளைக்கிழங்கு மாதிரிதான் இருக்கும். அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

'யார் ஜாடை' என்ற இந்த விளையாட்டில் தத்துப் பிள்ளைக்கு மட்டும் இடமில்லை. அதைப் பற்றி வேறு ஒரு கேள்விதான் கேட்பார்கள். "எங்கேருந்து எடுத்தாங்க?" ஏதோ தீபாவளிக்குத் துணி எடுத்த மாதிரி.

இந்த ஒரு கேள்விக்குக் கதை எழுதுகிறவர்கள் ரொம்ப காலமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். அதிலும் ஒரு குறிப்பிட்ட மண்ணை எழுதுகிறவர்கள். வட்டாரக் கதை என்றால் நமக்கு கி.ரா. ஞாபகம் வரும். கரிசல் காடு, கம்மங்கஞ்சி, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர். உங்கள் கொள்ளுத் தாத்தா யாரிடம் மாடு வாங்கி ஏமாந்தார் என்பது வரை தெரிந்த ஊர். இப்படிப்பட்ட ஊருக்குள் பூர்வீகம் தெரியாத குழந்தை ஒன்று வந்தால் என்ன ஆகும்? குழந்தைக்கு அல்ல, ஊருக்குத்தான் பரீட்சை.

கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' 1976-ல் வந்தது. அதில் ஊரே வெளியிலிருந்து வந்ததுதான். தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த ஒரு கூட்டம் காட்டைத் திருத்திக் குடியேறிய கதை. எந்த ஊரையும் கொஞ்சம் தோண்டினால் இப்படித்தான் இருக்கும். பூர்வீகம் என்பது எவ்வளவு ஆழம் தோண்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

தத்துக் குழந்தைகள் வருகிற மூன்று நாவல்களைச் சொல்கிறேன். ஒன்று கனடா, ஒன்று இங்கிலாந்து, ஒன்று வங்காளம். எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் மூன்று கதையும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

★

கனடாவின் கிழக்கு ஓரத்தில் பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் இருபது தீவுகளைத் தாராளமாக அடுக்கலாம். அவ்வளவு சின்னது. சிவப்பு மண், உருளைக்கிழங்கு, கடல். அங்கே வளர்ந்த எல்.எம். மான்ட்கோமரி என்ற பெண்மணி எழுதி 1908-ல் வந்த நாவல், 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்'. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி அது. கொஞ்ச காலம் தொப்பிப் பெட்டிக்குள் கிடந்தது.

மாத்யூ, மரிலா என்று அண்ணன் தங்கை. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, வயதும் ஆகிவிட்டது. வயல் வேலைக்கு ஒத்தாசையாக ஒரு பையன் வேண்டும் என்று அநாதை இல்லத்துக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். கவனியுங்கள், பிள்ளை வேண்டும் என்று அல்ல, வேலைக்கு ஆள் வேண்டும் என்று. சொல்லி அனுப்பியதில் குளறுபடி. ரயில்வே ஸ்டேஷனில் போய்ப் பார்த்தால் சிவப்புத் தலைமுடியும் பல்லி மாதிரி உடம்புமாக 11 வயதுப் பெண் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மாத்யூ பெண்களைக் கண்டாலே வேலியோரமாக ஒதுங்கிப் போகிற ஆசாமி. 'தப்பா வந்துட்டேம்மா, திரும்பிப் போ' என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டியில் ஏற்றிக்கொள்கிறார். வீடு வந்து சேருவதற்குள் அந்தப் பெண் வாய் மூடாமல் பேசித் தீர்க்கிறது. இவருக்கு ஆச்சரியம், பிடித்திருக்கிறது!

மறுநாள் மரிலா அவளைத் திருப்பிக் கொடுக்கவே கிளம்புகிறாள். போன இடத்தில் இன்னொரு அம்மாள் 'எங்கிட்ட குடுங்க, குழந்தைங்களைப் பார்த்துக்க ஆள் வேணும்' என்கிறாள். அந்த அம்மாளின் முகத்தையும் குழந்தையின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள் மரிலா. வண்டியைத் திருப்பிவிடுகிறாள்.

இது கற்பனைதான். ஆனால் பின்னால் இருப்பது சரித்திரம். 1869-லிருந்து 1940-கள் வரை பிரிட்டனிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கப்பலில் கனடாவுக்கு அனுப்பினார்கள். அநாதைகள், ஏழை வீட்டுக் குழந்தைகள். நிறையப் பேர் பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும்தான் போனார்கள். நாவலின் முதல் அத்தியாயத்திலேயே மரிலா, லண்டன் தெருப் பையன்கள் தனக்கு வேண்டாம் என்கிறாள். அந்தக் குழந்தைகளுக்காக 2017-ல் கனடா நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. எல்லா மரிலாக்களும் வண்டியைத் திருப்பவில்லை என்று அர்த்தம்.

ஆன் வந்ததும் என்ன செய்கிறாள் தெரியுமா? பார்த்த இடத்துக்கெல்லாம் பெயர் வைக்கிறாள். பாரி வீட்டுக் குளம் என்று நேற்று வரை இருந்தது, இன்றிலிருந்து பளபளக்கும் நீர் ஏரி. ஆப்பிள் மரங்கள் பூத்து நிற்கிற சாலை, ஆனந்தத்தின் வெள்ளை வழி. நம்மூர் நியூமராலஜிக்காரர் மாதிரி தன் பெயருக்குக் கடைசியில் 'ஈ' எழுத்து கட்டாயம் வேண்டும் என்கிறாள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கும் அது வெறும் குளம், வெறும் சாலை. வெளியிலிருந்து வந்தவளுக்குத்தான் அது ஊராகத் தெரிகிறது.

மான்ட்கோமரிக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், அவருடைய கதையும் பாதி அதுதான். 1874-ல் பிறந்தார். இரண்டு வயது முடிவதற்குள் அம்மா காசநோயில் போய்விட்டாள். அப்பா குழந்தையை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, பிற்பாடு மேற்கே போய் வேறு கல்யாணம் செய்துகொண்டார். கேவண்டிஷ் என்ற கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த பெண் எழுதியது இந்தக் கதை. இன்றைக்கு அந்தக் கேவண்டிஷில், நாவலுக்கு மாதிரியாக இருந்த வீட்டைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். 1952-ல் ஹனாகோ முராவோகா ஜப்பானிய மொழியில் பெயர்த்ததிலிருந்து ஜப்பான்காரர்களுக்கு ஆன் என்றால் உயிர். ஊர் மனசு வைத்து ஏற்றுக்கொண்ட குழந்தை, இன்று ஊருக்கே விலாசம்.

கதையின் முடிவு முக்கியம். மாத்யூ இறந்துபோகிறார். மரிலாவுக்குக் கண் பார்வை மங்குகிறது. வீட்டை விற்றுவிடலாம் என்று யோசிக்கிறாள். ஆனுக்கோ காலேஜ் படிக்க ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறது. போகலாம், யாரும் தடுக்கவில்லை. அவள் போகவில்லை. முதலில் அவர்கள் அவளை வைத்துக்கொண்டார்கள். இப்போது அவள் அவர்களை வைத்துக்கொள்கிறாள்.

★

எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவரும் அவர் மனைவியும் தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே ஒரு நாள் கேட்டார்.

"எல்லாம் சரி சார். நாளைக்கு நெஜ அப்பன் வந்து நின்னா? இல்லே, கொழந்தையே தேடிக்கிட்டுப் போயிட்டா?"

அவரிடம் இரண்டாவது நாவலைச் சொன்னேன். ஜார்ஜ் எலியட் 1861-ல் எழுதிய 'சைலஸ் மார்னர்'. ஜார்ஜ் எலியட் என்பது ஒரு பெண்மணியின் புனைபெயர். இங்கிலாந்தின் நடுப்பகுதி கிராம வாழ்க்கையை அவரைப் போல் எழுதியவர்கள் குறைவு.

சைலஸ் ஒரு நெசவாளி. வேறு ஊரில் செய்யாத திருட்டுக்குப் பழி சுமத்தப்பட்டு ராவலோ என்ற கிராமத்தில் வந்து ஒதுங்கியவன். 15 வருஷமாக அந்த ஊரில் இருக்கிறான். ஒருவரோடும் பேச்சு இல்லை, சர்ச் இல்லை, சாராயக் கடை இல்லை. தறி, தறி விட்டால் தங்கக் காசு. ராத்திரி எடுத்து எண்ணிப் பார்ப்பதுதான் ஒரே சந்தோஷம். 272 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே சேர்த்து வைத்திருக்கிறான். அதையும் ஒருத்தன் திருடிவிடுகிறான்.

புது வருஷத்துக்கு முதல் நாள் ராத்திரி. வெளியே பனி. கதவு திறந்து கிடக்கிறது. கணப்புக்கு முன்னால் ஏதோ பொன்னிறமாகக் கிடக்கிறது. காசு திரும்பி வந்துவிட்டது என்று கிட்டப் பார்வைக்காரனான சைலஸ் குனிந்து தொடுகிறான். மெத்தென்று இருக்கிறது. தலைமுடி! நடை பழகிய குழந்தை ஒன்று தூங்குகிறது. அதன் அம்மா வெளியே பனியில் செத்துக் கிடக்கிறாள்.

அவன் குழந்தையை யாரிடமும் கொடுக்க மறுக்கிறான். எப்பி என்று பெயர் வைக்கிறான், தன் அம்மாவுக்கும் செத்துப்போன தங்கைக்கும் இருந்த பெயரின் சுருக்கம். பக்கத்து வீட்டு டாலி வந்து குளிப்பாட்ட, துணி மாற்றச் சொல்லித் தருகிறாள். எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்று அடம்பிடித்துக் கற்றுக்கொள்கிறான். ஒரு தரம் விஷமத்துக்குத் தண்டனையாகக் கரி போட்டு வைக்கும் பொந்துக்குள் அடைக்கிறான். வெளியே எடுத்துக் குளிப்பாட்டித் துணி மாற்றித் திரும்பினால், குழந்தை மறுபடி தானாகவே பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறது. அதோடு தண்டனை சாப்டர் முடிந்தது.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான். எப்பியைத் தூக்கிக்கொண்டு சைலஸ் வெளியே போனால் வீட்டுக்கு வீடு கதவு திறக்கிறது. உட்காரச் சொல்கிறார்கள். பல் முளைத்துவிட்டதா, அம்மை வந்து போய்விட்டதா என்று விசாரிக்கிறார்கள். 15 வருஷமாக ஊருக்கு அந்நியனாக இருந்தவன், ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைகிறான். அவன் எப்பியைத் தத்தெடுத்தான். ஊர் அவனைத் தத்தெடுத்தது. நடுவில் கையெழுத்துப் போட்டது அந்தக் குழந்தை. பிற்பாடு அவளைக் கூட்டிக்கொண்டு தன் பழைய ஊரைப் பார்க்கப் போகிறான். அவன் இருந்த தெருவே இல்லை, அங்கே ஒரு ஃபாக்டரி நிற்கிறது.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். 16 வருஷம் கழித்து நிஜ அப்பன் வந்தே விடுகிறான்! அந்த ஊர்ப் பெரிய பண்ணையின் மகன். ரகசியக் கல்யாணத்தை மறைத்தவன். இப்போது ஊரறிந்த மனைவி இருக்கிறாள், குழந்தை இல்லை. முன்பு அவன் எப்பியைத் தத்தெடுக்கலாம் என்றபோது இதே மனைவிதான், கடவுள் கொடுக்காததை நாமாகத் தேடிப் போகக் கூடாது என்று மறுத்தவள். இந்த வசனத்தை நீங்கள் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே கேட்டிருப்பீர்கள். இருவரும் வந்து, பெண்ணைக் கொடு, வசதியாக வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். இங்கிலாந்தில் தத்துச் சட்டம் வந்ததே 1926-ல்தான். சைலஸிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ரத்தம், பணம், உரிமை எல்லாம் எதிர்க் கட்சியிடம். சைலஸ் தடுக்கவில்லை. உன் இஷ்டம் என்று எப்பியிடமே விடுகிறான்.

எப்பி எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, சைலஸின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கேஸ் டிஸ்மிஸ்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. யுத்தத்துக்கு முன்னால் கிருஷ்ணனும் குந்தியும் வந்து கர்ணனிடம் உண்மையைச் சொல்லவில்லையா? ராஜ்யமே கிடைக்கும் என்றபோதும் அவன் தன்னை எடுத்து வளர்த்த தேரோட்டி வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை.

எப்பி ஏன் தடுமாறவில்லை? அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும். அம்மா எப்படி இறந்தாள், தான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சின்ன வயதிலிருந்து சைலஸ் சொல்லி வைத்திருக்கிறான். அம்மாவின் விரலிலிருந்து எடுத்த கல்யாண மோதிரத்தை, ஷூ மாதிரி இருக்கும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டுப் பத்திரமாக வைத்து அவளிடமே கொடுத்துவிட்டான். ஒளித்து வைத்த விஷயம்தானே ஒரு நாள் வெடிக்கும்? இங்கே வெடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

★

ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்பதை ரவீந்திரநாத் தாகூர் எழுதினார். 'கோரா' 1907-லிருந்து 'பிரபாஸி' பத்திரிகையில் தொடர்கதையாக வந்து, 1910-ல் புத்தகமானது.

கல்கத்தாவில் கோரா ஒரு பிராமண வீட்டுப் பிள்ளை. நல்ல உயரம், பால் வெள்ளை நிறம், கணீர்க் குரல். ஆசாரம் என்றால் அப்படி ஒரு ஆசாரம். தேசம், மதம், ஜாதி மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். பெற்ற தாய் என்று அவன் நம்புகிற ஆனந்தமயியின் அறையில்கூடச் சாப்பிட மாட்டான். காரணம், அவள் லச்மியா என்ற கிறிஸ்தவ வேலைக்காரியை வைத்திருக்கிறாள். அந்த லச்மியாதான் அவனைத் தூக்கி வளர்த்தவள். இருந்தாலும் தீட்டு.

அவனுக்குத் தெரியாத விஷயம், 1857 கலகத்தில் கொல்லப்பட்ட ஓர் ஐரிஷ்காரனின் பிள்ளை அவன். அவனைப் பெற்றவள் ஆனந்தமயி வீட்டில் வந்து ஒளிந்து, அன்று ராத்திரியே பிரசவித்து இறந்துபோனாள். அந்தக் குழந்தையை மடியில் வாங்கிய அன்றே ஆனந்தமயி மடி, தீட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். எந்தக் குழந்தையும் ஜாதியோடு பிறப்பதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஏன் விட்டாள் என்பதைப் பிள்ளையிடம் சொல்ல முடியவில்லை. அவள் ஆசாரத்தை விட்டது யாருக்காகவோ, அவனே அதற்காக அவளைக் குறை சொல்கிறான். ஒரு ரகசியம் செய்கிற அட்டூழியம் இது.

கடைசியில் அப்பா உடம்பு சரியில்லாமல் படுக்கையில் உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஒரு நிமிஷத்தில் கோராவுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, ஜாதி இல்லை, ஊர் இல்லை. இடிந்து போயிருக்க வேண்டும். தாகூர் அவனை எழுப்பி நிறுத்துகிறார். இனி எந்த ஜாதியும் இல்லை என்பதால் இந்தத் தேசத்து ஜனங்கள் எல்லோரும் தனக்குச் சொந்தம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஆனந்தமயியிடம் போய், நீதான் என் அம்மா என்கிறான். பிறகு, லச்மியாவைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல் என்கிறான். பெரிய நாவல், முடிவது ஒரு டம்ளர் தண்ணீரில்.

★

ஆன், எப்பி, கோரா. மூன்று பேரும் கடைசியில் செய்வது ஒரே காரியம்தான். தங்களை எடுத்து வளர்த்தவர்களை அவர்கள் திரும்பத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானோ நீங்களோ நம் அப்பா அம்மாவைத் தேர்ந்தெடுத்தது கிடையாது. வந்து விழுந்தோம், அவ்வளவுதான். தத்து வீட்டில்தான் இரண்டு பக்கமும் யோசித்துச் சம்மதம் சொல்கிறார்கள். அதனால் அந்த உறவை ஒரு படி குறைவு என்று சொல்வது எனக்குப் புரியவில்லை.

'யார் ரத்தமோ, என்ன குலமோ' என்று முணுமுணுக்கிற பெரியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம். மார்கழி முழுக்க விடியற்காலையில் எழுந்து யார் பாட்டைப் பாடுகிறீர்கள்? ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசிச் செடிக்கடியில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தையின் பாட்டை. அவள் யார் ஜாடை என்று ஆழ்வார் கேட்டதாகத் தகவல் இல்லை.

பழைய சாஸ்திரத்தில் தத்து என்றால் பிள்ளைதான், பிண்டம் வைக்க ஆள். பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்று தெளிவாகச் சொன்னது 1956-ல் வந்த இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம். தத்தெடுத்த தேதியிலிருந்து அந்தக் குழந்தை எல்லாக் காரியத்துக்கும் அந்த வீட்டுக் குழந்தை என்று அது சொல்கிறது. 2021-ல் வந்த திருத்தம் சிறார் நீதிச் சட்டத்தின்படி தத்து உத்தரவு போடும் அதிகாரத்தை கோர்ட்டிலிருந்து கலெக்டருக்கு மாற்றியது. மத்திய அரசின் விடுப்பு விதிகளில், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையைத் தத்தெடுக்கும் அப்பாவுக்கு 15 நாள் லீவு உண்டு. சர்க்கார் எல்லாம் எழுதி வைத்துவிட்டது. பாக்கி இருப்பது நம் வாய்தான்.

சின்னக் குழந்தையைச் சீண்ட, 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்போம். குப்பைத் தொட்டியில் எடுத்தோம் என்போம். சொல்கிறவருக்கு அது தமாஷ். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தார்கள். அப்போது தொட்டிலில் விடப்பட்ட குழந்தைகளுக்கு இன்று முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. உங்கள் பக்கத்து ஸீட்டில் யாராவது இருக்கலாம். நெற்றியில் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். அடுத்த தரம் அந்த ஜோக்கைச் சொல்வதற்கு முன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தத்தெடுக்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்தவர்கள் சொல்வதும் சைலஸ் செய்ததும் ஒன்றுதான். குழந்தைக்கு உண்மையைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். பதினெட்டு வயதில் சோபாவில் உட்கார வைத்து அல்ல. இரண்டு மூன்று வயதில், சோறு ஊட்டும்போது, காக்கா வடை கதைக்கு அடுத்த கதையாக. ஒரு ஊர்ல ஒரு அப்பா அம்மா இருந்தாங்களாம், அவங்க ஒரு பாப்பாவுக்காக ரொம்ப நாள் காத்துக்கிட்டு இருந்தாங்களாம். யார் அந்தப் பாப்பா என்று கேட்டால், நீதான் என்று சொல்லுங்கள். இன்னொரு தரம் சொல்லு என்று கேட்கும். சொல்லுங்கள்.